கதவு ரப்பரும் பன்னிரண்டு நிமிடத் தண்ணீரும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். அடுத்தவர் தலையில் இடியை இறக்கியவர்கள் பெரும்பாலும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே உன் அக்காவுக்குத் தும்மல், எனக்குக் கோபம். மற்றபடி நலம்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் நிருபராக இருந்தவன் நான். கண்ணால் பார்க்காத எதையும் எழுதியதில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே தருகிறேன்.

என் பழைய இரண்டு சீட்டு காரை, துணிக் கூரையை மடக்கித் திறக்கிற அந்த காரை, ஆறு ஆண்டுகளாகப் புதுப்பித்து வருவது உனக்குத் தெரியும். அது நிற்கும் ஷெட்டில் முன்பு உன் அக்காவின் தையல் மெஷின் இருந்தது என்பதும் தெரியும். அவள் தினமும் சொல்வதால் தெருவுக்கே தெரியும். போன மாதம் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "வேலை முடிஞ்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை நான் பேப்பரோட உள்ள உட்காருவேன். மேல தண்ணி அடிங்க. பன்னெண்டு நிமிஷம். பேப்பர்ல ஒரு சொட்டு பட்டாலும் வண்டி பழைய இரும்புக்குப் போகுது. படலன்னா மெஷின் வராந்தாவுலயே இருக்கட்டும்." அதென்ன பன்னிரண்டு நிமிடம் என்று கேட்டேன். "உங்க பேப்பர்ல படிக்க அவ்வளவுதான் இருக்கு" என்றாள். நான் வாழ்நாளெல்லாம் உழைத்த பேப்பரை!

அதனால்தான் மழைத்தண்ணீர் புகாமலிருக்கக் கதவுக்கும் கண்ணாடிக்கும் கூரை விளிம்புக்கும் ஒட்டுகிற ரப்பர் பீடிங் வேண்டுமென்று உன் கடைக்குச் சொன்னேன். எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் நீ, மறுநாளே பதினொரு துண்டுகள் வந்தன. கூடவே போனில் ஓர் அறிவுரை: "அத்தான், கண்ணை மூடிக்கிட்டு ஒட்டுங்க. கதவையெல்லாம் அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." ஒட்டினேன். பழைய ரப்பரை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்ட இரண்டு நாள், பசை தடவ ஒரு நாள், அந்தப் பசை என் விரலைவிட்டுப் போக மூன்று நாள், எல்லாம் முடிந்து கதவைச் சாத்தினால் நான்கு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது, ஏனென்றால் நீ அனுப்பிய ரப்பர் என் கட்டைவிரல் தடிமன், இடுப்பால் இடித்தேன், இடது கதவு சாத்திக்கொண்டது, உள்ளே அடைபட்ட காற்று தள்ளி வலது கதவு திறந்துகொண்டது, வலது பக்கம் ஓடிப்போய் அதை இடித்தேன், இடது திறந்துகொண்டது, எதிர்வீட்டுக்காரர் மதில்மேல் கையூன்றி, "சார், உடற்பயிற்சியா?" என்று கேட்டார்.

பட்டறைக்காரரை வரவழைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு சார் முதல்ல பீடிங் ஒட்டச் சொன்னது? கதவு, கண்ணாடி, டாப்பு மூணையும் மாட்டிப் பார்த்து, இடைவெளியெல்லாம் சரி பண்ணிட்டு, கடைசியாத்தான் பசை டப்பாவையே திறக்கணும்" என்றார். என் மைத்துனன் சொன்னான் என்றேன்.

"அவரு வண்டி வேலை பார்ப்பாரா?"

"ரப்பர் விக்கிறான்."

"அப்ப சரி. பிச்சுட்டு மறுபடி ஒட்டினா அவருக்கு ரெண்டு தடவை வியாபாரம்."

பிய்த்தோம். கீல்களைத் தளர்த்தி இரண்டு கதவையும் வெளியே தள்ளி வைத்தோம். மறுபடி ஒட்டினோம். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே நேரத்தில் சாத்தினால் சாத்திக்கொள்ளும் அளவுக்கு வந்தது.

ஞாயிறு காலை பத்து மணி. உன் அக்கா பேப்பரோடு உள்ளே உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் கையில் தண்ணீர்க் குழாய், என் கையில் கடிகாரம். "அந்த மூலையைப் பாரு, கண்ணாடி ஓரத்தைத் தொட்டுப் பாரு" என்று நான் வெளியே நின்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம், ஒரு சொட்டு இல்லை. பத்து நிமிடம், இல்லை. பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. குழாயை மூடச் சொல்லிவிட்டு, வெற்றி பெற்றவன் நடக்கிற நடையில் போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. மறுபக்கம் இழுத்தேன். வரவில்லை. உன் ரப்பர் கவ்விக்கொண்டது! உன் அக்கா உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மூச்சு முட்டுகிறது என்று புரிந்துகொண்டேன். "சார், பதறாதீங்க, இருங்க" என்று பட்டறைக்காரர் கத்துவதற்குள் துணிக் கூரையின் பின்பக்கப் பொத்தான்களைப் பிய்த்துத் தூக்கிவிட்டேன். துணியின் நடுவே குளமாகத் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. பேப்பரில் முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுச் செய்தி வரை நனையாத வரி இல்லை.

நனைந்தது பன்னிரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு என்கிறேன் நான். "பேப்பர் நனைஞ்சுதா, இல்லையா?" என்கிறாள் அவள். புதன்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார். ஆறு ஆண்டு உழைப்பு உன் ஒரு கட்டைவிரல் ரப்பரால் தராசில் ஏறப்போகிறது. குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்டது நான். சேற்றை அனுப்பியது நீ. ஆகவே, உடனே இரண்டு கதவுக்கும் மெல்லிய ரப்பராக எடுத்துக்கொண்டு நேரில் வந்து, "அக்கா, குற்றம் என்னுடையது" என்று அவள் முன்னால் சொல். வராவிட்டால் இனி நான் உன் அத்தான் இல்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கான ஆசியை நிறுத்திவைத்திருக்கிறேன், ரப்பர் வந்து சேர்ந்ததும் தரப்படும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாரு, படிச்சுட்டேன். உன் ரப்பர் மேல ஒரு தப்பும் இல்லடா. கதவு கவ்விக்கல, நான்தான் உள்ள பூட்டிக்கிட்டேன். இவர் வெளிய நின்னு வாயை அசைச்சுக்கிட்டே இருக்காரு, ஒரு சத்தம் உள்ள வரணுமே! கல்யாணமாகி முப்பத்தொம்பது வருஷத்துல நான் நிம்மதியா பேப்பர் படிச்சது அன்னிக்குத்தான். அவர் பேப்பர்ல பன்னெண்டு நிமிஷத்துக்கு மேலயும் விஷயம் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடைசிப் பக்கம் பாக்கி இருந்துச்சு, கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு கை காட்டினேன். அதைத்தான் மூச்சு முட்டுதுன்னு எழுதியிருக்காரு. இரும்புக்காரரை வர வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன். அத்தானுக்குத் தெரியாது, புதன்கிழமை வரைக்கும் தெரியவும் வேண்டாம். மெல்லிசு ரப்பர் எதையும் அனுப்பித் தொலைக்காதே. அதே தடிமன்ல சமையலறைக் கதவுக்கு ஒண்ணு அனுப்பு.