ஒரு புகார்கூட வரவில்லை

கட்டளையைத் தட்டினார், பழக்கதோஷத்தில் உடனே சேமித்தார், அதன் பிறகுதான் எல்லைக் கிளையின் ரௌட்டர் பேச்சை நிறுத்திக்கொண்டது. திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்காரர் என்டரை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

அது ஒரு பார்சல் கம்பெனி. ஊர் ஊராகக் கிளைகள். எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் ரௌட்டர்களுக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு. இதுவரை வழியிலிருக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் தன்னிடம் வந்த தகவலின் முழு முகவரியையும் படித்து, யோசித்து, அடுத்ததற்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் இன்று புகுத்தப் பார்த்த லேபிள் முறை வந்துவிட்டால் அந்தப் பாடு இல்லை. முதல் ரௌட்டர் தகவலின்மேல் ஓர் எண்ணை ஒட்டிவிடும். நடுவில் உள்ளவை அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கைமாற்றிவிடும், யாருக்கு, எதற்கு என்று கேட்காது. அந்த அலுவலகத்து மனிதர்கள் வெகுகாலமாக இந்த முறையில்தான் வேலை பார்த்து வந்தார்கள். ரௌட்டர்கள்தாம் கொஞ்சம் பின்தங்கியிருந்தன.

அவசரத்துக்குக் காரணம் மேலாளர். வாரம் முழுக்க லைன் மந்தம் என்று கிளைகளிலிருந்து புகார் குவிந்துகொண்டிருந்தது. புகாரைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும். போனில் சொன்னால் கணக்கில் சேராது. அன்றன்று எத்தனை வந்தது என்பது புகார்ப் பலகை என்ற திரையில் தெரியும். இன்று ஐந்து மணிக்குப் பலகையைப் பார்ப்பேன், பத்தைத் தாண்டினால் இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்.

வேலை போனால் மறுபடி மச்சான் வீட்டு மாடியறைதான். போன தடவை வேலை போனபோது மனைவியோடும் மகளோடும் அங்கேதான் இருந்தார். மச்சான் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் கொடுமை. சாப்பிட உட்கார்ந்தால் போதும், "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைங்க, வேல தேடி அலையிறவரு" என்பார். தொண்டைக்குள் போன சோறு அங்கேயே நின்றுவிடும்.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். "இன்னொரு தடவ அந்த மாடிப்படி ஏற என்னால முடியாதுங்க. சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தூரத்து எல்லைக் கிளையின் ரௌட்டருக்குள் எந்த லைன் வழியாக நுழைந்தாரோ அந்த லைனையே மாற்றியிருந்தார். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிற வேலை. இந்தத் தொழிலில் அதற்கும் ஒரு காப்பு உண்டு. கை வைப்பதற்கு முன்பே, சற்று நேரத்தில் நீயாக அணைந்து எழுந்திரு என்று ரௌட்டரிடம் சொல்லிவைத்துவிடலாம். எழும்போது அது சேமிக்காததை எல்லாம் மறந்து பழையபடி ஆகிவிடும். அவரும் சொல்லிவைத்திருந்தார். ஆனால் தப்பையும் சேர்த்துச் சேமித்துவிட்டாரே. ரௌட்டர் சொன்னபடி அணைந்தது, சொன்னபடி எழுந்தது, தப்பை ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தது.

சரி, பக்கத்துக் கிளை வழியாகப் போவோம் என்று அந்த ரௌட்டருக்குள் புகுந்தார். எல்லைக் கிளைக்குப் போவதற்கெல்லாம் இந்த லேபிளை ஒட்டி அனுப்பு என்றார். அது அனுப்பியது. எல்லைக் கிளை அதையே திருப்பி அனுப்பியது. புதுச் சம்பந்திகள் வாசலில் நின்று 'நீங்க முன்னாடி போங்க' என்று உபசரித்துக்கொள்வதுபோல இரண்டும் மாறி மாறி அனுப்பிக்கொண்டதில், பக்கத்துக் கிளையும் மூச்சு முட்டிப் படுத்துவிட்டது.

இனி லேபிள்களை எல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று தலைமை ரௌட்டரில் கை வைத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மிச்சமிருந்த கிளைகளின் விளக்குகளும் திரையில் வரிசையாகச் சிவப்பாயின. ஜன்னல் இல்லாத அந்தக் குளிர் அறையில் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

புகார்ப் பலகையைத் திறந்தார். பூஜ்யம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்போதும் பூஜ்யம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. புகாரும் அதே லைனில்தானே வர வேண்டும். லைன் செத்தால் புகாரும் செத்தது. சுடுகாட்டு அமைதியை நல்லாட்சி என்று சொல்லலாமென்றால், அன்று கம்பெனியில் நல்லாட்சி நடந்தது. மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

மத்தியானம் மேலாளரே இறங்கி வந்தார். பலகையைத் தவிர வேறெதையும் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. இந்தக் கம்பெனிக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு நாளைக் கண்டதில்லை என்று நெட்வொர்க்காரர் தோளில் தட்டினார். "சாயங்காலம் வரைக்கும் இப்படியே வெச்சிருங்க, அது போதும்" என்றார்.

மேலாளர் போனதும் நெட்வொர்க்காரருக்குத் தப்பு பிடிபட்டது. எல்லைக் கிளை ரௌட்டரில் ஓர் எண்ணை மாற்றி அடித்திருந்தார். அங்கே போய்த் திருத்த முடியாது. ஆனால் தலைமை ரௌட்டரிலும் அதே தப்பைச் செய்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போய்விடும். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். துடைத்த லேபிள்களை மறுபடி ஒட்டுவதையும் சேர்த்துக் கட்டளைகளைத் தயாராக அடித்துவைத்தார். என்டர் மட்டும்தான் பாக்கி. அதை ஐந்து மணிக்குப் பிறகு தட்டினால் வேலையும் பிழைக்கும், லைனும் பிழைக்கும்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் மறுபடி அதிர்ந்தது. அணைக்கப் போன விரல் தவறி எடுத்துவிட்டது. எல்லைக் கிளையின் கவுண்டர்ப் பெண்.

"சார், வாசலத் தாண்டி ஆளுங்க நிக்கறாங்க. ஒரு அம்மா மகனுக்கு மருந்து அனுப்பணும்னு காலையிலேர்ந்து அப்படியே ஒக்காந்திருக்காங்க. அஞ்சு மணி வண்டிய விட்டா நாளைக்குத்தான். அவங்களுக்கு நான் என்ன சார் பதில் சொல்லட்டும்?"

பார்க்கிறேன் என்று முனகிவிட்டு வைத்தார். மாடிப்படி ஞாபகம் வந்தது. முகம் தெரியாத அந்த அம்மாவும் மடியில் மருந்தோடு கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். இத்தனை நேரம் சிவப்பு விளக்குகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நினைக்க அவருக்கே கூசியது. லைன் வந்துவிட்டால் அவர்களுக்குப் பார்சல் போடவே நேரம் போதாது, புகார் அடிக்க யாருக்கு நேரம் இருக்கப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். என்டரைத் தட்டினார்.

ஒரு பெருமூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு கிளையாகப் பச்சையானது. தகவல்கள் லேபிளோடு பறந்தன. அவர் கணக்குப் போட்டதைவிட வேகம். வெகுநாளைக்குப் பிறகு தன்னைப் பற்றி அவருக்கு நல்லபடியாக ஒரு நினைப்பு வந்தது.

ஐந்து மணியாகப் போகிறது என்று மேலாளர் மறுபடி வந்து பின்னால் நின்றுகொண்டார். செல்போன் ஒலித்தது. அதே பெண். நாலு நல்ல வார்த்தை மேலாளர் காதிலும் விழட்டுமே என்று நெட்வொர்க்காரர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"நல்லா இருப்பீங்க சார், அந்தம்மா பார்சல் வண்டி ஏறிடுச்சு. லைன் இவ்ளோ வேகமா போயி நான் பாத்ததே இல்ல சார். காலையிலேர்ந்து வரிசையில நின்ன அத்தன பேரையும் ஆளுக்கு ஒரு புகார் அடிக்க வெச்சிருந்தேன், எதுவும் போகாம அப்படியே தேங்கிக் கெடந்துச்சு. இப்ப கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள மொத்தமும் உங்களுக்கு வந்து சேந்திருச்சு பாருங்க."