என் கரிக்காரும் அக்காவின் இணைச்சீரும்

புதிதாகக் கார் வாங்கியவனிடம் "வண்டி எப்படி?" என்று யாரும் கேட்காதீர்கள். அவன் பொய்தான் சொல்வான். கெட்ட எண்ணத்தில் அல்ல. வாங்கித் தொலைத்துவிட்டானே, வேறு என்ன செய்வான்? நானும் சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். அதோடு நிற்காமல் நானே அதை நம்பவும் செய்தேன். அங்கேதான் கெட்டது.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலைக் காருக்கு ஊற்றுவதை விடக் காதுக்கு மருந்தாக ஊற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் இருக்கும். ஆகவே மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கரிக்கு மாறினார்கள். காரின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, பக்கத்தில் இருக்கும் காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். அரை மணி நேரம் சுற்றினால் வாயு உண்டாகிக் குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். இஞ்சின் நாலு தரம் இருமும். பிறகு கார் கிளம்பும். (கிளம்பும் என்றுதான் விற்றவர் சொன்னார்.)

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மோகனூரில் எங்களுக்கு வாழைத் தோட்டம். தோட்டத்தில் நான் செய்த வேலை, காப்பிக் கடையில் உட்கார்ந்து கரிக்காரின் பெருமையைப் பேசுவது.

"பெட்ரோல் கெடைக்காத ஊரு நூறு இருக்கும். கரி கெடைக்காத ஊரு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்!" என்பேன். "மெட்ராசுக்கே போவேன். வழி நெடுக அடுப்பு எரியற நாடுங்க இது."

எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். என் வாதத்தின் வலிமை என்று அன்றைக்கு நினைத்தேன். காப்பிக்கு நான்தான் காசு கொடுத்தேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

ஐயன் மட்டும் (அப்பாவை நாங்கள் ஐயன் என்போம்) ஒரு நாள் பீப்பாயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, மாடு போற வழியில புல்லை மேஞ்சுக்கும். இது என்னத்த மேயும்?" என்றார். கரியை மேயும் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு இரண்டு தெரு தள்ளி. கார் தேவையே இல்லாத கல்யாணம். அதில் காரை நுழைத்தது நான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் பொழுது சாயும்போது மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளும் பிடித்துக்கொள்வார்கள். 'நாளைக்கு ஒருத்தி வந்துவிடுவாள், இருந்தாலும் உன் வீட்டில் எனக்குப் பாத்தியதை உண்டு' என்று அர்த்தம். பின்னால் இவனுக்கு மகள் பிறந்தால், அவளைக் கட்டிக்கொள்ள இந்தக் கூடப் பிறந்தவளின் மகனுக்குத்தான் முதல் உரிமை. கல்யாணத்தில் மற்றச் சடங்கெல்லாம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும். இது ஒன்றுதான் உடன்பிறந்தவளுக்கு.

எனக்கு ஒரே அக்கா, பாவாயி. ஆட்டையாம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. நான் டவுசர் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் இந்தச் சீருக்குக் காத்திருந்தாள். எனக்கு மகளும் பிறக்கவில்லை, அவளுக்கு மகனும் பிறக்கவில்லை. அதற்குள் சம்பந்தம் பேசி முடித்தவள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே வண்டி பூட்டி வருவதாகச் சொல்லியனுப்பினாள். நான்தான் தடுத்தேன். 'மாட்டு வண்டியில் வந்து இறங்காதே அக்கா, இணைச்சீரன்று காலையில் நானே வந்து காரில் கூட்டி வருகிறேன்' என்று எழுதினேன். மோகனூர்க் கடைவீதி பார்க்க என் அக்கா காரில் வந்து இறங்க வேண்டும். அதாவது, என் கார் வந்து நிற்பதைக் கடைவீதி பார்க்க வேண்டும்.

பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்றார்கள். கார் கண்டுபிடிப்பதற்கு முன் போட்ட சட்டம் அது என்று சொல்லிவிட்டு விடியும்போதே கிளம்பினேன். போகும்போது அருமையாகப் போயிற்று, பாவி வண்டி. வழியில் ஒரு தரம்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன்.

ஆட்டையாம்பட்டியில் தெருவே கூடிவிட்டது. அக்கா புருஷன் பீப்பாயைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்.

"மாப்ளே, இது காரா, நெல்லு அவிக்கிற அடுப்பா?"

"ரெண்டும்தானுங்க மாமா. ஏறி ஒக்காருங்க, தெரியும்."

"நடுவழியில கரி தீந்துட்டா?"

கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. கூட்டம் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. காருக்குள் வைத்திருந்த மாற்று மூட்டையை, நல்ல காய்ந்த வேலமரத்துக் கரி, அப்படியே தூக்கி அக்காவின் மாமியார் அடுப்படியில் இறக்கினேன். "இது உங்களுக்கு வச்சுக்குங்க. எனக்கு வழியெல்லாம் கரி!"

"தம்பி சீர் கொண்டாந்திருக்கறான் பாரு, கரி மூட்டை," என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். புதுச்சேலை கட்டி, பின்சீட்டில் இரண்டு கையையும் மடியில் வைத்து, சீருக்கு உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாள்.

ராசிபுரத்துக்குள் நுழையும்போது கரி தீர்ந்தது. கொல்லுப்பட்டறைக்குப் போனேன்.

"கரிங்களா? காத்தாலயிருந்து நீங்க ஏழாவது ஆளுங்க," என்றார் பட்டறைக்காரர். "பஸ்ஸுக்காரன், லாரிக்காரன் எல்லாம் வாரிக்கிட்டுப் போயிட்டான். என்ற பட்டறை ஒலைக்கே கரியில்லாம ஒக்காந்திருக்கறனுங்க."

அடுப்பு எரிகிற நாடுதான். அத்தனை அடுப்பின் கரியையும் என்னைப் போன்ற புத்திசாலிகள் முன்னாலேயே வாங்கிவிட்டார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அலைந்து திரிந்து, ஊருக்கு வெளியே ஒரு கரிச்சூளையில் ஒரு மூட்டை பிடித்தேன். அன்று காலையில்தான் தண்ணீர் தெளித்து அணைத்த கரி. பாதி வெந்த விறகு, பாதி ஈரம். "காயட்டுமுங்க" என்றான் சூளைக்காரன். எனக்கு ஏது நேரம்?

ஈரக்கரிக்கு அரை மணி போதவில்லை. நான் சுற்றினேன், மாமா சுற்றினார், கடைசியில் அக்காவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றினாள். கிளம்பியது. மேடு வந்தால் அவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். இறக்கம் வந்தால் பின்னாலேயே ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். காரில் போவதற்காக என் அக்கா ஓடினாள். புதுச்சத்திரம் தாண்டியதும் இஞ்சின் ஒரு தரம் விக்கியது. நின்றது. குழாயைக் கழற்றினால் உள்ளே தாரும் சேறுமாக அடைத்திருந்தது. தூரத்தில் நாமக்கல் பாறை தெரிந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

அந்த நேரத்தில் நாமக்கல் பஸ் வந்தது. அதுவும் கரி பஸ்தான். (ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) நிறுத்தினேன்.

"ஒருத்தருக்கு எடமிருக்குதுங்க," என்றார் கண்டக்டர். "அதும் படியில நின்னுக்கிட்டு."

"அடுத்த பஸ்?"

"நாளைக்குங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். "நீ போக்கா."

"நா போயி? மாப்பிள்ளை இல்லாம ஆரு பக்கத்துல ஒக்காரறது?" என்றாள். முகத்தில் வழிந்த கரியை என் தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்துவிட்டாள். "நீ போ சாமி. நீயில்லாம ஒண்ணும் நடக்காது. நாங்க ஏதாச்சும் வண்டி கெடச்சா வந்தர்றோம். கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லு."

"போ மாப்ளே," என்றார் மாமா. "காரை நாங்க பாத்துக்கறோம். ஓடியா போயிரப் போவுது?"

பஸ் நகர்ந்தது. படியில் தொங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அக்கா சாலையோரத்தில் நின்றிருந்தாள். கையை ஆட்டவில்லை.

நாமக்கல்லில் ஜட்கா பிடித்து வீட்டு வாசலில் இறங்கியபோது பெண் வீட்டுக்காரி ஒருத்தி, "மாப்பிள்ளை வந்தாச்சுன்னீங்க, கரி மூட்டையல்லவா வந்திருக்குது?" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்தார்கள். அக்கா வருகிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று தேய்க்கத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொறுத்தார்கள். விளக்கு வைத்தும் பொறுத்தார்கள். சடங்கு நடத்தி வைக்கும் அருமைக்காரர் கடைசியில் எழுந்து, "இனித் தாங்காதுங்க. பங்காளி ஊட்டுப் பொண்ணு ஆராச்சும் ஒக்காரட்டும்," என்றார். ஐயன் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியப்பா மகள் செல்லாயக்கா வந்து உட்கார்ந்தாள். நல்லவள்தான், அவள்மேல் குற்றமில்லை. அவள் ஒரு தலைப்பைப் பிடித்தாள். நான் மறு தலைப்பைப் பிடித்தேன். நகக்கண்ணில் கரி இருந்தது.

மறுநாள் தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வாசலில் நின்றது. மூட்டை மேலிருந்து அக்கா இறங்கினாள்.

"ஆயிருச்சா?" என்றாள். தாலியைக் கேட்கவில்லை.

"ஆயிருச்சுக்கா."

"ஆரு ஒக்காந்தா?"

"செல்லாயக்கா."

கால் கழுவத் தண்ணீர் கேட்டாள். பின்னாலேயே இறங்கிய மாமா, "கார் பத்திரமா இருக்குது மாப்ளே, நவுரவேயில்ல," என்றார். அவர் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது வீறாப்பாக ஒன்றைத் தொடங்கினால், "நடக்கும், புதுச்சத்திரம் வரைக்கும்" என்பார்கள். என் பேரப்பிள்ளைகளுக்குப் புதுச்சத்திரம் ஓர் ஊர் என்றே ரொம்ப நாள் தெரியாது.

எனக்கு மகள் பிறந்தாள். அக்காவுக்கும் ஒரு மகன், செல்லாயக்காவுக்கும் ஒரு மகன். மகளுக்குக் கல்யாணப் பேச்செடுத்த நாளன்று சபையில் பெரியவர் ஒருவர், முறைப்படி உரிமை யாருக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காப்பிக் கடையில் அத்தனை பேசிய வாய், ஒரு வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டு மூடிக்கொண்டது. அக்காதான் பேசினாள்.

"இதிலென்னங்க கேள்வி? சேலைத் தலைப்பைப் புடிச்சவளுக்குத்தான். நா அன்னிக்குக் காருக்குக் காவலிருந்தனுங்க."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. இப்போதும் விசேஷங்களில் யாராவது அதைச் சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பேன். அக்கா மட்டும் அந்த நேரத்தில் எழுந்து, இலை போட ஆள் வேண்டுமா என்று பார்க்கப் போய்விடுவாள்.