மாமனாரைக் கட்டிப்போட்ட கதை

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் எவனையும் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார விடக் கூடாது. ஊரில் இல்லாத அறிவெல்லாம் அப்போதுதான் அவனுக்குப் பொங்கி வழியும். எனக்கும் வழிந்தது.

அப்போது நான் வளப்பூர் நாடு என்கிற மலைக் கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார். உடன் வேலை பார்த்த கவிதாவை எனக்குப் பிடித்திருந்தது. (அவளுக்கும்தான். இப்போது கேட்டால் மறுப்பாள்.) என்னைப் பார்த்து முடிவு சொல்ல அவள் அப்பா நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்தார். காபி குடித்தார், கேள்விகள் கேட்டார், "பஸ்ல போயிக்கிறேனுங்க தம்பி" என்று எழுந்தார். பேசாமல் அனுப்பியிருக்கலாம். நானோ அவரை அசத்துவதற்கென்றே தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் காரை இரவல் வாங்கி வைத்திருந்தேன். கார் பழசாகியும் சீட்டின் பாலித்தீன் உறையைப் பிரிக்காத மனிதர் எங்கள் தலைமையாசிரியர்.

"பெல்ட் போடுங்க மாமா."

"மாமாவா? இன்னும் ஒண்ணும் முடிவாகலீங்க தம்பி. வவுத்த வேற இறுக்குது."

விடுவேனா? வளைவுக்கு வளைவு பெல்ட்டின் மகிமையைப் பற்றி வகுப்பெடுத்தேன். அவர் பக்கம் திரும்பி, "உயிர் முக்கியம் இல்லீங்களா?" என்று கேட்ட நேரத்தில், லாரிக்காக ரோட்டோரம் குவித்திருந்த பலாப்பழங்கள் மேல் காரை விட்டேன்.

எங்களுக்கு அடி இல்லை. பழத்துக்குத்தான் சேதம். ஆனால் இரண்டு பெல்ட்டும் எங்களைச் சீட்டோடு சேர்த்து இறுக்கிக்கொண்டன. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன், குத்தினேன், கும்பிட்டும் பார்த்தேன். அசையவில்லை.

மாமா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நமக்குச் சக்கரை இருக்குதுங்க. அவசரமா இறங்கோணும்."

பழத்துக்கார அம்மா ஓடி வந்தார். திட்டத்தான் வந்திருப்பார், எங்களைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. பலாப் பிசின் ஒட்டினால் எண்ணெய்தானே வைத்தியம்? கத்தியில் தடவ வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்து பெல்ட் பூட்டில் தாராளமாக ஊற்றினார். பூட்டு திறக்கவில்லை. மாமாவின் வெள்ளை வேட்டிதான் நனைந்தது.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. மாமா போயிருக்க வேண்டிய அதே பஸ். மொத்தப் பேரும் இறங்கி எட்டிப் பார்த்தார்கள்.

"எண்ணெய்ங்க! வெறும் எண்ணெய்ங்க!" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார் மாமா.

கண்டக்டர் யோசித்தார். "வண்டி முன்னால போயித்தானுங்க பெல்ட்டு இறுகுச்சு? பின்னால தள்ளுனா லூசாயிரும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. (நான் அறிவியல் வாத்தியார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.) எங்களை உள்ளே வைத்தே காரை மேட்டில் தள்ளினார்கள். மூச்சு வாங்கியதும் கையை எடுத்தார்கள். நான் பிரேக்கை மிதிக்க மறந்தேன். கார் மறுபடியும் பலாப்பழத்துக்கே போய்ச் சேர்ந்தது. பெல்ட் இன்னும் கொஞ்சம் இறுகியது.

பழத்துக்கார அம்மா அரிவாளை எடுத்தார். "அறுத்துடட்டுங்களா சாமி?"

"ஐயோ வேண்டாங்க! தலைமையாசிரியர் கார்!"

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க தம்பி, என்ர பொண்ணு வேணுமா, இந்தப் பெல்ட்டு வேணுமா? சட்டுனு சொல்லுங்க!"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். யோசித்தேன். அந்தப் பாலித்தீன் உறை கண்முன்னால் வந்து நின்றது.

"பொண்ணுதாங்க" என்றேன், ஒருவழியாக.

அரிவாள் மாமா பக்கத்துப் பெல்ட்டில் இறங்கியது. மாமா மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் பாய்ந்தார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி. "சரிங்க மாப்ள, பேசி முடிச்சிரலாம். நான் பஸ்லயே போயிக்கிறேன்" என்று ஏறிவிட்டார். கல்யாணம் முடிவாகிவிட்ட சந்தோஷத்தில் கூட்டமும் கைதட்டிவிட்டு ஏறியது. என் பெல்ட் எல்லோருக்கும் மறந்துபோனது.

கல்யாணமும் நடந்தது. மாமாவுக்கு என் மேல் இருக்கிற ஒரே குறை, அன்றைக்கு நான் யோசித்ததுதான். அது கண் இமைக்கும் நேரம் என்று சத்தியம் செய்தும் என் மனைவி நம்புவதில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் மாமா அந்தக் கதையைச் சொல்கிறார். நேரமும் வளர்ந்துகொண்டே போகிறது. போன பொங்கலுக்குச் சொன்னபோது, நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த பஸ் மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய்த் திரும்பி வந்துவிட்டது.