முப்பத்தொன்பதாவது தட்டு

இராஜபாளையம்,
ஆனி மாதம், திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் விஜயபாண்டி வாத்தியார் அவர்களுக்கு,

வேல்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை மாரிச்செல்வி, உங்கள் மருமகள் செல்வலட்சுமி மூவரும் நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கள் முழங்காலின் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியில் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம் எழுதுகிறேன். இதில் நீங்கள் குறுக்கே பேச வழியில்லை.

வெள்ளிக்கிழமை மகள் செல்வலட்சுமியின் நிச்சயதார்த்தத்துக்கு முழங்காலைக் காரணம் காட்டி நீங்கள் வரவில்லை. சரி. நான் பேண்டேஜ் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக டஜன் டஜனாகக் கட்டு எண்ணுகிறவன். பழக்க தோஷத்தில் சீர்த்தட்டும் ஒரு டஜன் வாங்கி வந்தேன். "பொண்ணு வீட்டுத் தட்டை யாராவது ரெட்டைப்படையில வைப்பாகளா?" என்று உங்கள் தங்கை ஒன்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆக, எங்கள் தட்டு பதினொன்று. மம்சாபுரத்திலிருந்து வேனில் வந்த மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொன்று கொண்டுவந்தார்கள். இரண்டையும் ஒரே சமுக்காளத்தில் வைத்தோம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மணி ஒன்பதே கால்தான்; எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்போதுதான் மாப்பிள்ளை கௌதம்ராஜின் பெரியப்பா சமுத்திரம் எழுந்து விரலை நீட்டி எண்ணினார். "முப்பத்திரெண்டு. சபையில ரெட்டைப்படையா இருக்கே, சம்மந்தி. எங்க வழக்கத்துல தனித்தனியாவும் ஒத்தைப்படை, மொத்தமாவும் ஒத்தைப்படை" என்றார். இதற்கு என்ன பெரிய பரீட்சை என்று கட்டிலுக்கு அடியில் கிடந்த தட்டை இழுத்து வைத்தேன். அப்போது நம்முடையது பன்னிரண்டு ஆகிவிட்டது. மாரிச்செல்வி முறைத்தாள். பக்கத்து வீட்டில் இன்னொரு தட்டு வாங்கிப் பதிமூன்று ஆக்கினேன். மொத்தம் முப்பத்துநான்கு. "அப்ப நாங்களும் கூட்டுதோம்" என்று அவர்கள் வேனிலிருந்து இரண்டு தட்டு இறக்கினார்கள். முப்பத்தாறு. நான் விடுவேனா, குக்கர் மூடியிலும் இட்லித் தட்டிலும் நாலு நாலு வாழைப்பழம் வைத்துப் பதினைந்து ஆக்கினேன். முப்பத்தெட்டு. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மணி பத்தாகிவிட்டது.

சரி, குடும்பத்தில் ஒரு கணக்கு வாத்தியார் எதற்கு இருக்கிறார் என்று உங்களுக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளை, ரெண்டு ஒத்தைப்படையைக் கூட்டினா பிரளயமே வந்தாலும் ஒத்தைப்படை வராது. நிரூபிக்கேன், கேளுங்க. ஒரு எக்ஸ் எடுத்துக்கிடுவோம்" என்று ஆரம்பித்தீர்கள். நல்ல காரியத்தில் 'வராது', 'பிரளயம்' என்று இரண்டு சொல் விழுந்தன. சம்பந்தியம்மா சண்முகத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சமுத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டு, "சகுனம் சரியில்ல, ஆவணியில பாப்போம்" என்றார்.

மச்சான், செல்வலட்சுமிக்கு இரண்டு வரன் ஜாதகத்தில் தட்டிப்போய், இது அவளே மனசார விரும்பிச் சம்மதித்த இடம். வெண்ணெய் திரண்டு வரும்போது குக்கர் மூடியால் தாழியை உடைத்துவிட்டேனே என்று நின்றேன்.

உள் அறையிலிருந்து செல்வலட்சுமி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. சாமி மாடத்திலிருந்த விபூதித் தட்டை எடுத்துவந்து நடுவில் வைத்தாள்.

"மாமா, இது உங்க தட்டும் இல்ல, எங்க தட்டும் இல்ல. சாமி தட்டு. இப்ப எண்ணுங்க."

சமுத்திரம் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். "முப்பத்தொம்பது" என்றார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "ஏட்டி, இம்புட்டு நேரம் எங்க இருந்த?" மணி பத்து இருபத்தைந்துக்குத் தட்டு மாற்றினோம். கௌதம்ராஜ் அந்த இட்லித் தட்டைத்தான் கையில் வாங்கினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

ஆகையால் உங்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பம்: ஆவணியில் கல்யாணம். வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், மருமகளை வாழ்த்துங்கள். கணக்கு மட்டும் வேண்டாம். எக்ஸை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முழங்கால் வலித்தால் கல்யாணத்தன்று காலையில் வந்தாலும் போதும்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். முழங்காலுக்கு எண்ணெய்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
வேல்சாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சமுத்திரம் போன் செய்தார். சாமி தட்டு யோசனை அவர்கள் ஊரில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்றாம். ஆனால் அவர்களுடைய குலசாமி வேறாம். "சாமிக்குச் சாமி மரியாதை கொறையக்கூடாது பாருங்க. கல்யாணத்துக்கு எங்க சாமிக்கும் ஒரு தட்டு வச்சிருதோம்" என்றார். நானும் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டேன். மாரிச்செல்வி அப்போதிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் எப்படி இருந்தாலும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், மச்சான். எக்ஸையும் கூட்டி வாருங்கள்.