கிரேடு சாரும் கலப்பு எண்ணெயும்

தஞ்சாவூர் ஜில்லாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். கிரேடு சார் ஒரு வகை, மற்ற எல்லோரும் இன்னொரு வகை. மற்றவர்கள் வண்டி ஓட்டுவதற்காக எண்ணெய் ஊற்றினார்கள். கிரேடு சார் எண்ணெய் ஊற்றுவதற்காகவே வண்டி வைத்திருந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் கும்பகோணத்தில் ஒருத்தரும் வழி காட்ட மாட்டார்கள். என்ஜின் எண்ணெயின் தடிமனுக்குக் கிரேடு என்று ஒரு நம்பர் இருக்கிறதல்லவா, முப்பது என்றால் இளசு, நாற்பது என்றால் கெட்டி, அந்த நம்பரை அவர் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காப்பி கிளப்பில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைப்பார். "இது முப்பதுதாம்பா. நாப்பதா ஒண்ணு கொண்டா." புதிதாக ஒரு மேலதிகாரி வந்தால் அவர் போன பிறகு என்னிடம் சொல்வார்: "ஆளு முப்பது. சித்திரை வெயில் தாங்க மாட்டார்." நிஜமாகவே வைகாசியில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது கிரேடு சார் எங்கள் தொழிலாளர் ஆபீஸில் சமரச அதிகாரி. புது ஆட்சி வந்து, போர்டுகளெல்லாம் தமிழுக்கு மாறி, தாசில்தார் வட்டாட்சியர் ஆகியிருந்த காலம். வயலில் மட்டும் பழைய தகராறு அப்படியே இருந்தது. நில உச்சவரம்பு, குத்தகை, அறுவடைக் கூலி என்று போகத்துக்கு ஒரு சண்டை விளைந்தது. ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிர்ப்பக்கம் செங்கொடிச் சங்கம், நடுவில் புல்லட்டில் கிரேடு சார்.

நடு என்றால் சாதாரண நடு இல்லை. எந்தத் தரப்பிடமும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஹாண்டில்பாரில் ஒரு பித்தளைக் கூஜா தொங்கும். மிராசுதார் வீட்டில் நுரையோடு காப்பி வரும். "வேண்டாங்க, கூஜா இருக்கு." தொழிலாளர் தெருவில் வெயிலுக்கு மோர் கொண்டுவந்து நீட்டுவார்கள். "வேண்டாம்மா, கூஜா இருக்கு." கூட நிற்கும் எனக்கு நாக்கு வறண்டு கிடக்கும். மெல்லக் கையை நீட்டினால் ஒரு பார்வை பார்ப்பார். என் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்விடும்.

வண்டியை மெக்கானிக்கிடம் விடவே மாட்டார். "என் தலைக்கு நான்தானேய்யா எண்ணெ தேச்சுக்கறேன்? அதுக்கும் நான்தான்." ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சனிக்கிழமை என்ற ஊர் வழக்கத்தை அவர் புல்லட்டுக்கும் நீட்டியிருந்தார். காலையில் வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்குவார். அடியில் திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயைத் தகரத்தில் வடிய விடுவார். பிறகு தன் தலையில் நல்லெண்ணெயை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். இருவரும் சேர்ந்து ஊறுவார்கள். கடைசிச் சொட்டு வடிகிறவரை உள்ளே புது எண்ணெய் போகாது.

"புல்லட்டுக்கு மூணு வயிறுய்யா" என்று எனக்குப் பாடம் நடக்கும். "என்ஜினுக்கு ஒண்ணு, கியர் பெட்டிக்கு ஒண்ணு, கிளட்ச் பக்கம் ஒண்ணு. ஒண்ணுக்குப் போறது இன்னொண்ணுக்கு ஆகாது. ரசம் ஊத்தற எடத்துல பாயசத்தை ஊத்திப்பியா நீ?"

மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் நான் சத்தியம் செய்ய வேண்டும்.

எந்த எண்ணெய் என்று முடிவு செய்வதுதான் பெரிய வைபவம். வண்டியோடு வந்த புத்தகத்தில் கிரேடு அச்சடித்தே இருக்கிறது. "அது பொதுவாச் சொன்னது. நம்ம ஊரு வெயில் அவனுக்கு என்ன தெரியும்?" என்று அதைத் தள்ளிவிடுவார். ஒரு சொட்டைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்ப்பார், முகர்வார், வெளிச்சத்தில் பிடிப்பார். அப்போதும் திருப்தி வராவிட்டால் ஆபீஸ் மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று உற்றுப் பார்ப்பார். பிறகு அந்தத் தாளை மறந்துபோய் ஏதாவது ஒரு ஃபைலுக்குள் வைத்துவிடுவார். ஒரு தடவை தஞ்சாவூருக்கு நாங்கள் அனுப்பிய அறிக்கை போன வேகத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் மேலதிகாரி எழுதியிருந்தார்: "இது அறிக்கையா, பஜ்ஜி மடித்த காகிதமா?" கிரேடு சார் அந்தக் கறையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "பாத்தியா, எவ்வளவு சீராப் பரவியிருக்கு! இதைத்தான்யா வாங்கணும்."

கும்பகோணத்தில் எண்ணெய்க் கடை வைத்திருந்த பாய் பாவம், பொறுமைசாலி. அவரே ஒரு நாள் வாய் திறந்துவிட்டார். "சார், என் மூணு பொண்ணுக்கும் மாப்பிள்ளை பாத்தேன். மூணு பேருக்கும் சேத்து இத்தனை கேள்வி கேக்கலை."

"மாப்பிள்ளை சரியில்லேன்னா சமாதானம் பண்ணி வைக்கலாம் பாய். பிஸ்டன் புடிச்சுக்கிட்டா யாரு வந்து சமாதானம் பண்றது?"

அவர் சட்டத்தில் இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் விலக்கே கிடையாது. பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் ஊற்றுகிற எண்ணெய் மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது. இரண்டு எண்ணெயைச் சேர்த்துக் கலக்கவே கூடாது. எங்கள் ஹெட் கிளார்க் தன் வண்டிக்குப் பம்புசெட் எண்ணெய் ஊற்றுகிறார் என்று தெரிந்த அன்றே அவரோடு பேச்சு நின்றுவிட்டது. "இனிமே உங்க வண்டி ஓடாது சார், தண்ணிதான் எறைக்கும்" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. ஊர் உலகத்துக்கெல்லாம் சமரசம் பண்ணி வைத்த மனிதர் ஹெட் கிளார்க்கை மட்டும் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குறுவை அறுவடையில் சோதனை வந்தது.

வலங்கைமானைத் தாண்டி ஆற்றங்கரை ஓரமாக ஒரு கிராமம். பெயர் வேண்டாம், இரண்டு தரப்புப் பேரப்பிள்ளைகளும் இப்போது ஒரே பஸ்ஸில் காலேஜுக்குப் போகிறார்கள். அரை மரக்கால் கூலி நெல்லில் பேச்சு முறிந்துபோயிருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது, மேலே ஐப்பசி மேகம் வேறு. மிராசுதார் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஆட்களை லாரியில் இறக்கினார். அவர்களை வயலுக்குள் விடாமல் உள்ளூர் ஆட்கள் வாய்க்கால் பாலத்தில் அரிவாளோடு மறித்து நின்றார்கள். இப்படி ஆரம்பித்த தகராறுகள் எங்கே போய் முடியும் என்பதை அந்த ஜில்லாவில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சுவார்த்தைக்காக நாங்கள் வலங்கைமானில் ஒரு வீடு பிடித்து முகாம் போட்டிருந்தோம். அன்று சனிக்கிழமை. முகாமானால் என்ன, தகராறானால் என்ன, விடிந்ததும் கிரேடு சார் புல்லட்டின் திருகைக் கழற்றிவிட்டார். பாய் கடையில் பல வாரம் முகர்ந்து தேர்ந்தெடுத்த புது டின் கும்பகோணத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வண்டி வாசலில் வடிந்துகொண்டிருக்க, உள்ளே மிராசுதாரையும் சங்கச் செயலாளரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார்.

உச்சிவேளையில் இருவரும் இறங்கி வந்தார்கள். நான் ஒப்பந்தத்தை டைப் அடித்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்த நிமிஷம், வாசலில் ஒரு ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாலத்துல நெலமை சரியில்லீங்க. ரெண்டு பக்கமும் கைகலப்பு ஆகுற மாதிரி நிக்கிறாங்க. தஞ்சாவூர்லேந்து போலீஸ் வேனும் கெளம்பிடுச்சாம்."

வேன் போய்ச் சேர்வதற்குள் சமாதானம் ஆன செய்தி போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பாலத்தில் ரத்தம்தான். மிராசுதார் போய்ச் சொன்னால் உள்ளூர் ஆட்கள் நம்ப மாட்டார்கள். செயலாளர் போய்ச் சொன்னால் மிராசுதாரின் ஆட்கள் நம்ப மாட்டார்கள். கிரேடு சார் வாயால் சொன்னால்தான் உண்டு.

"என் கார்ல ஏறுங்க சார்" என்றார் மிராசுதார்.

"உங்க கார்ல போயி எறங்கினா என் பேச்சை எவன் கேப்பான்? கல்லுதான் வரும்."

எல்லோரும் திரும்பிப் புல்லட்டைப் பார்த்தோம். என்ஜின் சுத்தமாக வடிந்து காலியாக நின்றது. தகரத்திலிருந்த பழைய எண்ணெயை சக்கரத்துக்கு மை கூட்டுவதற்காக ஒரு மாட்டு வண்டிக்காரர் காலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாய் டின்னை ஏற்றிய பஸ், தகராறு என்று கேள்விப்பட்டுக் கும்பகோணத்தை விட்டே கிளம்பவில்லை. அதே பயத்தில் கடைத்தெரு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது.

மிராசுதார் தொண்டையைக் கனைத்தார். "டிராக்டருக்கு வாங்கின எண்ணெ ஒரு டின்னு டிக்கியில இருக்கு."

செயலாளர் துள்ளி எழுந்தார். "அதெப்படிங்க? மிராசுதார் எண்ணெயில ஓடுற வண்டி எங்களுக்கு நியாயம் சொல்லுமா? எங்க தெரு பம்புசெட்டுக்கு நேத்து வாங்கின டின்னு சைக்கிள்ல தொங்குது. அதை ஊத்துங்க."

"அப்ப எங்களுக்கு யாரு நியாயம் சொல்றது?" என்றார் மிராசுதார்.

கையெழுத்து காய்வதற்குள் அடுத்த தகராறு தயார். இரண்டு டின்களும் கிரேடு சார் காலடியில் வந்து உட்கார்ந்தன. ஒன்று டிராக்டர் எண்ணெய், மற்றது பம்புசெட் எண்ணெய். ஒன்றை எடுத்தால் மற்றவர் விடமாட்டார். கிரேடு சார் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"சார், வேன் கெளம்பிடுச்சு" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டார். "டம்ளரை எடுய்யா. பாதிப் பாதி."

அவருக்கு ஒரு டம்ளர், இவருக்கு ஒரு டம்ளர் என்று நான் அளந்தேன். "தலை தட்டி ஊத்துங்க" என்றார் மிராசுதார், நெல் அளக்கிற பழக்கத்தில். "அவரு டம்ளர்ல அடியில தங்குது பாருங்க, வழிச்சு விடச் சொல்லுங்க" என்றார் செயலாளர். புனல் இல்லை. கிரேடு சார் என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிச் சுருட்டிச் செருகிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே ஊற்றினார். முடிந்ததும் அதை அப்படியே சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். கேட்டதற்குப் புகை என்றார். வண்டியை இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

உதைத்த உதையில் புல்லட் ஒரு முறை தும்மியது. அடுத்த உதையில் கிளம்பிவிட்டது. ஆற்றங்கரை ரோட்டில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ ரோட்டை விட்டுவிட்டு என்ஜினுக்குக் காது கொடுத்துக் குனிந்துகொண்டே ஓட்டினார்.

"சத்தம் எப்படிய்யா இருக்கு?"

"நல்லாத்தான் சார் இருக்கு. ரோட்டைப் பாருங்க!"

"பொய் சொல்லாதே. கரகரங்கலே?"

நடுவழியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு வண்டி நின்றால் பாலத்தில் எத்தனை பேர் பிழைப்பார்கள்? தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பாலம் வந்தது. இந்தப் பக்கம் உள்ளூர் ஆட்கள், அந்தப் பக்கம் லாரி ஆட்கள், நடுவில் நாலு முழம்கூட இடைவெளி இல்லை. அந்த இடைவெளியில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். "முடிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அரிவாளைக் கீழே போடுங்க."

ஒருவரும் அசையவில்லை. "மிராசுதாரு சொல்லி அனுப்பிச்சாரா?" என்று இங்கே ஒரு குரல். "எங்க மொதலாளி எறங்கி வரமாட்டாரே" என்று அங்கே ஒரு குரல்.

"ஒப்பந்தத்தைக் காட்டுய்யா" என்றார் என்னிடம்.

"அதுலதானே சார் எண்ணெ ஊத்தினீங்க?"

அவர் சட்டைப் பையைத் துழாவி அந்தப் புனலை எடுத்தார். ஊறிப்போயிருந்தது. விரித்ததும் இரண்டாகப் பிய்ந்து, கையெழுத்து இருந்த பாதி காற்றில் போய் வாய்க்காலில் விழுந்தது. மீதிப் பாதியைப் பார்த்து ஒருத்தர், "என்னாங்க இது, பஜ்ஜி காயிதமா?" என்றார்.

கிரேடு சார் உடைந்துபோனார். அவர் வாதாடவில்லை, பாவமன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். "புனல் இல்லேன்னு இதுல ஊத்திட்டேன். மிராசுதார் டிராக்டர் எண்ணெ பாதி, உங்க செயலாளர் பம்புசெட் எண்ணெ பாதி. ரெண்டையும் வாங்கி, ஒண்ணாக் கலந்து ஊத்திக்கிட்டு வந்திருக்கேன்."

முன்வரிசையில் அரிவாளோடு நின்றவர் அஞ்சலை. எங்களுக்கு மோர் நீட்டி நீட்டிக் கை வலித்துப் போனவர். அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"ரெண்டு பேருகிட்டயும் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேம்மா."

அஞ்சலை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எத்தினி வருசமா மோரு குடுக்கறேன், ஒரு வா குடிச்சிருக்காரா இந்த மனுசன்? அவரே ரெண்டு பக்கமும் கைநீட்டி எண்ணெ வாங்கியிருக்காருன்னா பேச்சு முடிஞ்சுதான் போயிருக்கு. வாங்கடி, மழைக்கு முன்னாடி அறுப்பைப் பாப்போம்."

அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லதாப் போச்சுங்க. நாங்க என்ன சண்டைக்கா வந்தோம்" என்று லாரியைப் பார்க்க நடந்தார். போலீஸ் வேன் வந்து நின்றபோது வயலில் கதிர் அறுக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. இன்ஸ்பெக்டருக்கு வேலையே இல்லை. நான் அப்படியே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேரும் உயிரோடு, முழுசாக, வயலில் குனிந்து நிற்கிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

கிரேடு சார் தண்ணீருக்காக ஹாண்டில்பாரைத் தடவினார். வந்த அவசரத்தில் கூஜாவை முகாமிலேயே விட்டிருந்தோம். அஞ்சலை ஒரு சொம்பு மோரை நீட்டினார். அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்ல நாப்பதும்மா இது" என்றார். அன்று நானும் குடித்தேன், இரண்டு சொம்பு.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கலப்பு எண்ணெயை வடித்துவிட்டுப் பாய் கொடுத்த டின்னை ஊற்ற, ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் குந்தினார். வெகுநேரம் திருகின்மேல் கை வைக்கவில்லை.

"வடிக்கலியா சார்?"

"நல்லாத்தான்யா ஓடுது." ஸ்பானரைத் துடைத்து உள்ளே வைத்தார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்." திங்கட்கிழமை ஆபீஸில் ஹெட் கிளார்க்கிடம் தானாகப் போய், வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார்.

இப்போது என் வண்டிக்கு நானே எண்ணெய் மாற்றுகிறேன். புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடுதான். ஆனாலும் ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகராமல் ஊற்றியதில்லை. பிறகு எத்தனையோ பேருக்குப் பின்னால் எத்தனையோ நல்ல வண்டிகளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அன்று அந்தத் தப்பான எண்ணெயில், ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுகிற அந்த மனிதரின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேனே, அந்த நிம்மதி எனக்கு வேறு யார் பின்னாலும் கிடைக்கவில்லை.