தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குப் போன மொபெட்

சம்பவம் நடந்தபோது இரண்டாம் வகுப்பறையில் இருந்தவர்கள் நானும், கூரையைப் பெயர்க்கும் தொண்டை கொண்ட பிள்ளைகளும். சன்னலுக்கு வெளியே வாதாம் மரத்தடியில் எங்கள் வீட்டு மொபெட் நின்றிருந்தது. இல்லாதவர்கள், பயிற்சிக்குப் போயிருந்த வகுப்பு டீச்சர், கடலுக்குப் போயிருந்த என் அப்பா, எங்கே போனதென்று இன்றுவரை தெரியாத என் புத்தி.

கல்லூரியில் செமஸ்டர் லீவு. ஏதாவது ஆரம்பப் பள்ளியில் போய் உதவி செய்யுங்கள் என்று பேராசிரியர் சொன்னதும் முதலில் கை தூக்கியவன் நான். (வேறு யாருமே தூக்கவில்லை என்பதைக் கையை இறக்கும்போதுதான் கவனித்தேன்.) எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இப்போது பாடமே நடத்தப் போகிறேன் என்றதும் அம்மா காத்திவாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். வீட்டில்கூட, "சார், அந்தக் குண்டான தூக்கி அப்பால வை சார்" என்றுதான் வேலை வாங்கினாள்.

பள்ளி திறந்த புதிது. பலகையில் டீச்சர் ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எழுதிவைத்துப் போயிருந்தார். எது பெரிய எண், எது சிறிய எண் என்று புரியவைப்பது என் பொறுப்பு. அதற்காக ஒரு பெரிய அட்டையில் ஆப்பிள்கள் வரைந்து கொண்டுபோயிருந்தேன்.

"இன்னா சார் இது, தக்காளியா?" என்றாள் முன்வரிசை மோனிஷா.

"ஆப்பிள்மா."

"அழுகிப்போச்சா?"

அட்டையைச் சுருட்டி வைத்தேன். அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. பாதிப் பிள்ளைகள் மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள். விடிந்தால் கடற்கரை மணலில் ஏலம் பார்ப்பவர்கள். ஏலத்தில் ஒருவர் கேட்டதைவிட அடுத்தவர் கேட்பது பெரிய எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு சாக்பீஸை உயர்த்திப் பிடித்து, "யாரு கேக்குறீங்க?" என்றேன்.

வகுப்பு பற்றிக்கொண்டது. இருபத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று காலையில் கேட்டதற்கு மின்விசிறியைப் பார்த்தவன், இப்போது "முப்பது" என்று எகிறினான். சாக்பீஸ் போயிற்று, டஸ்டர் போயிற்று, தண்ணீர்க் குடமும் போயிற்று.

"சார், நெஜ சரக்கு வுடு சார்," என்றது பின்வரிசை.

வெற்றி மயக்கத்தில் சன்னலைக் காட்டினேன். "அதோ, மீன் பெட்டியோட நிக்கற அந்த வண்டி."

(அம்மாவையும் மீன் கூடையையும் தினமும் டோல்கேட் சந்தை வரை கொண்டுபோய் விடுவது அந்த மொபெட்தான். அது இல்லையென்றால் வியாபாரம் இல்லை. இது எனக்கு அப்போதும் தெரியும்.)

"தொண்ணூத்தொம்போது," என்றாள் மோனிஷா, எடுத்த எடுப்பில்.

பின்வரிசைப் பையன் ஒருவன் "நூ..." என்று வாயைத் திறந்தான்.

"அது இன்னும் நடத்தலடா," என்று அவனை உட்காரவைத்தாள். "போர்டுல இல்லாதத கேக்கக்கூடாது. இல்ல சார்?"

பலகையைப் பார்த்தேன். நியாயமான ஆட்சேபம்தான். "கரெக்ட்," என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். டஸ்டரால் மேசையில் ஓங்கித் தட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். (நானும் தட்டிக்கொண்டேன்.)

சாயங்காலம் எங்கள் வாசலில் மோனிஷா நின்றாள். கூடவே அவள் அம்மா கலாக்கா. என் அம்மாவோடு அந்தக் கடற்கரை ஏலத்தில் போட்டி போட்டு மீன் எடுப்பவர்.

"சரோஜாக்கா, தொண்ணூத்தொம்போது ரூவா கீது. வண்டிய எடுத்துனு போலாம்னு வந்தோம். பாப்பா சாப்புடாம குந்திகினு கீது."

அம்மா சிரித்தாள். மோனிஷா சிரிக்கவில்லை. "சார் மூணு தரம் சொல்லித் தட்டுனாரு," என்றாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "தட்டுனியா?"

"பாடத்துக்காகம்மா..."

"தட்டுனியா?"

"தட்டுனேன்."

"அப்ப வண்டி போச்சு."

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. சட்டத்தை எடுத்தேன். "பதினெட்டு வயசு ஆகாதவங்களோட போடற ஒப்பந்தம் செல்லாதும்மா."

"நான் மொத தபா ஏலம் கேட்டப்போ எனக்குப் பன்னெண்டு வயசுடா. இன்னிக்கு வரிக்கும் கையில துட்டு இல்லாட்டியும் என் வாய நம்பி மீன் குடுக்கறாங்க. சரோஜா வூட்ல தட்டுனது செல்லாதுன்னு நாளைக்கு ஒருத்தி சொன்னா, அப்பறம் எவ குடுப்பா? ஒங்க காலேஜா குடுக்கும்?"

பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டாள். ஓட்டத் தெரியாததால் தாயும் மகளும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஹாரனை மட்டும் மோனிஷா தெருமுனை வரை விடவில்லை.

"வித்தத திரும்ப எடுக்கணும்னா ஏலத்துலதான் எடுக்கணும். காலைல மணலுக்கு வா சார்," என்றாள் அம்மா. அந்த 'சார்' வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் மணலில் வஞ்சிரத்துக்குக்கூடச் சேராத கூட்டம். மொபெட்டை நடுவில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு மீன் பெட்டி மேல் மோனிஷா ஏறி நின்றாள். "தொண்ணூத்தொம்போது. மேல யாரு?"

"நூறு," என்றாள் அம்மா.

மோனிஷா என்னைப் பார்த்தாள். "அது இன்னும் நடத்தல."

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. ஓரமாக வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். ஒரு குச்சியை எடுத்து, ஈர மணலில் குந்தி, தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன். "இதோட ஒண்ணு சேத்தா..." என்று கீழே ஒன்றும் இரண்டு சைபரும் போட்டேன். நான் உருப்படியாக நடத்திய முதல் பாடம் அதுதான். அம்மா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோனிஷா குனிந்து சரிபார்த்தாள். "செரி. நூறு. ஒரு தரம்."

"நூத்தம்பது," என்று கூட்டத்தில் ஒருத்தி குறும்புக்குக் குரல் கொடுத்தாள். அம்மாவின் கை இடுப்புக்குப் போயிற்று.

மோனிஷா அந்தப் பெண்ணை முறைத்தாள். "சார் நூறு வரிக்கும்தான் நடத்துனாரு. ரெண்டு தரம். மூணு தரம்." வண்டி சீட்டில் ஒரு தட்டு. கலாக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

இன்றைக்கும் செல்போன், சட்டை, செருப்பு என்று நான் எந்த விலையைச் சொன்னாலும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "நூறுக்கு மேலயா? அது இன்னும் நடத்தல சார்."

கடலிலிருந்து திரும்பிய அப்பா, கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டார். வாங்கியது தொண்ணூற்றொன்பது, கொடுத்தது நூறு. ஆக, என் ஆசிரியப் பணியால் குடும்பத்துக்கு ஏற்பட்ட மொத்த நஷ்டம் ஒரு ரூபாய்.