ராகுகாலம் வரை பேசினேன்

மொன்ட்ரியால்
ஐப்பசி, 1977

சிரஞ்சீவி தம்பி உமாபதிக்கு அலமு அக்கா ஆசீர்வாதம். அங்கே நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியமில்லை, ஆனால் ஜெயித்திருக்கிறேன்.

உன் அத்திம்பேர் போன பிறகு உன் மருமான் ஆனந்து இந்த வீட்டை விற்றுவிட்டு டொராண்டோ போகவேண்டும் என்கிறான். இங்கே எல்லாம் பிரெஞ்சில்தான் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, பிரெஞ்சு வராதவனுக்கு இனி இங்கே என்ன வேலையாம். அங்கே உத்தியோகமும் வாடகை வீடும் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தான். அவனும் அவன் பெண்டாட்டி கிரிஜாவும் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. அத்திம்பேர் கண்ணை மூடின வீடு, நான் வரமாட்டேன்.

ஓட்டில் தோற்றவர்களுக்கு வழி சொன்னவனும் அவன்தான். காலேஜில் அரசியல் பாடம் நடத்துகிறானே. பிலிபஸ்டர் என்று ஒன்று உண்டாம். முதலில் அது கடல் கொள்ளைக்காரனுக்குப் பேர். அப்புறம் ஆள் திரட்டிக்கொண்டு அடுத்தவன் தேசத்தில் போய் இறங்கின அமெரிக்காக்காரர்களுக்குப் பேர். அதற்கும் அப்புறம், சபையில் காரியம் நடக்கவிடாமல் எழுந்து நின்று பேசிக்கொண்டே இருப்பதற்குப் பேர். ஒருத்தர் சமையல் குறிப்புகூடச் சொன்னாராம். பேச்சு நின்றால் தோற்றாய், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு வாங்க ஒரு தம்பதி வந்தார்கள். ஆனந்து எத்தனை படித்தாலும் ராகுகாலத்தில் பேனாவைத் தொடமாட்டான், அதற்குள் கையெழுத்தாகவேண்டும் என்று துடித்தான். நான் காபியை வைத்துவிட்டு ஆரம்பித்தேன். பேஸ்மென்டில் தண்ணீர் ஊறுவது, பனி வாருகிற கஷ்டம், என் முழங்கால், வத்தக்குழம்பு. அவன்தான் இங்கிலீஷில் சொல்லவேண்டும். இரண்டு வார்த்தையில் முடித்தான்.

"இத்தனை நாழி பேசினேன், அவ்வளவுதானாடா?"

"போறும்மா. அவாளுக்கு வேற வேலை இருக்கு."

"எனக்கு இல்லை. நீ நிதானமா சொல்லு."

வந்தவள் நல்ல மனுஷி, குழம்புக்கு எத்தனை புளி என்று கேட்டுவிட்டாள். அது போதாதா எனக்கு. அத்திம்பேரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவேன், பேச்சு நின்றுபோகும். ராகுகாலம் வந்தது, அவர்கள் எழுந்து போனார்கள்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தா?"

"காலேஜ் வாத்தியார் ஒருத்தர்" என்றேன்.

அடுத்த ஞாயிறும் யாராவது வரட்டும், எனக்கு விஷயம் இருக்கிறது. இந்த வாசலை நான் தாண்டப்போவதில்லை.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் தீர்க்காயுசும் தெம்பும் உண்டாகட்டும்.

அலமு

பி.கு.: கடுதாசியை ஒட்டுவதற்குள் கிரிஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்திம்பேரைப் பற்றியே பேசினாள். தனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, கம்பத்தில் இடித்ததை இரண்டு பேருமாக என்னிடம் மறைத்தது, டாக்டர் இனிப்பு கூடாது என்ற பிறகும் கடையில் ஒளிந்து டோனட் தின்றது. அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தரும் அவர் பேச்சை எடுத்ததில்லை, நான் உட்பட. வெளியே இருட்டிவிட்டது, அவள் நிறுத்தவில்லை. நான் குறுக்கே பேசவுமில்லை. "இன்னும் நிறைய இருக்கும்மா. அங்க வந்து மீதியைச் சொல்றேன்" என்றாள். இனி இங்கே கடுதாசி போடாதே. டொராண்டோ விலாசத்தை அவளே பின்பக்கம் எழுதியிருக்கிறாள்.